படம் சொல்லாததை எழுதுங்கள்

ஆடி வெள்ளிக்கிழமையில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் போன் இல்லாத கை குறைவு. கோபுரம், பொங்கல் அடுப்புகளின் வரிசை, வேப்பிலை கட்டி வலம் வருகிறவர்கள், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தை, பின்னணியில் ஜவ்வாது மலை. மாலைக்குள் இதே படங்கள் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வரிசையாக ஏறிவிடுகின்றன. பெரும்பாலும் ஒரே கோணம். கீழே இருக்கும் வரியும் பெரும்பாலும் ஒன்றுதான்: 'ஓம் சக்தி', இரண்டு கூப்பிய கைகள், பின்னால் ஒரு டஜன் ஹேஷ்டேக். உறவுக்காரர்கள் லைக் போடுவார்கள். யாரும் ஒரு வார்த்தை எழுதமாட்டார்கள்.

படத்தில் குறை ஒன்றும் இல்லை. இன்றைய போன்களில் யார் எடுத்தாலும் கோபுரம் நன்றாகத்தான் விழுகிறது. பார்க்கிறவர் நின்று படிக்கவும், பதில் எழுதவும், இன்னொருவருக்கு அனுப்பவும் காரணமாவது கேப்ஷன்தான். படவேட்டிலும் சந்தவாசலிலும் கண்ணமங்கலத்திலும் இருந்துகொண்டு ஊரைப் பற்றிப் பக்கம் நடத்துகிற இளைஞர்களுக்காகவும், வாழைத்தாரையும் சாமையையும் போன் வழியாக விற்கப் பார்க்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சென்னையில் உட்கார்ந்து கேப்ஷன் எழுதப் பயிற்சி தருகிறவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: அந்த இடம் உங்களுக்குத் தெரியும்.

பத்திரிகை அலுவலகங்களில் படக்குறிப்பு எழுதப் பழகும் புதியவர்களிடம் முதலில் சொல்வது, கண்ணுக்குத் தெரிவதைத் திரும்ப எழுதாதே என்பதுதான். 'அழகான மலை' என்று மலைப்படத்தின் கீழே எழுதினால் படிப்பவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. படத்துக்குள் வராதவை என்னென்ன? நேரம், பெயர், காரணம், வாசனை, விலை, வழி, முன்பு எப்படி இருந்தது, நாளை என்ன ஆகும். இவற்றில் ஒன்றைச் சொன்னால் போதும். கமண்டல நதியின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இயற்கை எழில் கொஞ்சும் படவேடு' என்று எழுதலாம். 'செண்பகத்தோப்பு அணைக்கு மேலே மலையில் நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் பாலத்தடியில் தண்ணீர் நிறம் மாறிவிட்டது' என்றும் எழுதலாம். இரண்டாவதைப் படிக்கிற ஆரணிக்காரர் தன் ஊருக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பார். அந்த ஆறு நாகநதியோடு சேர்ந்து கமண்டல நாகநதியாக ஆரணிப் பக்கம்தானே போகிறது! பெங்களூரில் வேலை பார்க்கிற உள்ளூர்க்காரர் ஒருவர் அதை அப்பாவுக்கு அனுப்புவார்.

அனுப்புவது என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பதிவைப் புதியவர்களிடம் கொண்டுசெல்வதில், பார்த்தவர்கள் அதை எத்தனை பேருக்கு அனுப்பினார்கள் என்பதற்குப் பெரிய இடம் உண்டு என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொஸேரி பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே எழுதி முடித்ததும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் படிப்பவர் யாருக்கு அனுப்புவார்? 'அம்மாவுக்கு', 'வேலூரில் இருக்கிற மாமாவுக்கு', 'வர்ற வெள்ளிக்கிழமை கூட வரப்போகிற கூட்டாளிக்கு' என்று ஒருவராவது மனதில் தோன்ற வேண்டும். யாரும் தோன்றவில்லை என்றால் வரியை மாற்றுங்கள்.

இனி முதல் வரி. இன்ஸ்டாகிராமில் கேப்ஷனுக்கு 2,200 குறிகள் வரை இடம் இருக்கிறது. ஆனால் ஓடுகிற திரையில் ஏறத்தாழ முதல் 125 குறிகள்தான் தெரியும். மிச்சம், 'மேலும்' என்பதைத் தொட்டால்தான் திறக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள். நாம் எழுத்து என்று எண்ணுவதும் கணினி எண்ணுவதும் ஒன்றில்லை. உயிர்மெய்யில் மெய்யை ஒரு குறியாகவும், அதன் மேல் ஏறும் கொம்பு, கால், சுழி, புள்ளி ஆகியவற்றைத் தனிக் குறியாகவும் அது கணக்கிடும். 'படவேடு' நமக்கு நாலு எழுத்து, கணினிக்கு ஆறு. 'ரேணுகாம்பாள்' நமக்கு ஆறு, கணினிக்குப் பன்னிரண்டு. எக்ஸ் தளத்தின் 280 குறி வரம்பிலும் இதே கணக்குதான். அதனால் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு முகப்பில் இருபது சொல் கிடைக்கும் இடத்தில் நமக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்தான் கிடைக்கிறது.

அந்தப் பன்னிரண்டு சொல்லை 'அனைவருக்கும் வணக்கம் நண்பர்களே, இன்றைய பதிவில் நாம் பார்க்கப்போவது' என்று செலவழிக்கிறவர்கள் ஏராளம். வணக்கம் சொல்வது நம் பழக்கம்தான், அதைக் குறை சொல்லவில்லை. கடைசியில் சொல்லுங்கள். முதல் வரியில் செய்தி வரட்டும். 'வில்லும் அம்பும் இல்லாத இராமர். எதிரில் சுவடியோடு அனுமன். படவேட்டில்.' இது 125 குறிக்குள் அடங்கும். விரல் நிற்கும். அதன் பிறகு மெதுவாகச் சொல்லலாம்: யோக நிலையில் அமர்ந்திருக்கும் இராமர், கையில் சின்முத்திரை, ஊரில் எங்கே இருக்கிறது கோயில், எந்த நேரத்தில் நடை திறந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய ஆசை வரும். 'உலகிலேயே இங்கு மட்டும்தான்!' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். யோக நிலையில் அமர்ந்த இராமரும் சுவடி ஏந்திய அனுமனும் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், சேத்துப்பட்டுக்குப் பக்கத்தில் நெடுங்குணத்திலும் இருக்கிறார்கள். நீங்கள் 'உலகிலேயே ஒரே' என்று போட்ட அரைமணி நேரத்தில் நெடுங்குணத்துக்காரர் ஒருவர் வருவார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். அதற்குப் பதில் நீங்களே முந்திக்கொண்டு, 'இதே கோலத்தில் நெடுங்குணத்திலும் இராமர் உண்டு. இரண்டையும் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? என்ன வேறுபாடு கண்டீர்கள்?' என்று கேளுங்கள். சண்டையாக வரவேண்டிய கமெண்ட் தகவலாக வரும். இரண்டு ஊர்க்காரர்களும் அந்தப் பதிவுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

வரலாற்றிலும் இதே கவனம் வேண்டும். படவேடு சம்புவராயர்களின் தலைநகராக இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் தெற்கே படையெடுத்து வந்தபோது சம்புவராயரை வென்றார். அவர் மனைவி கங்காதேவி வடமொழியில் எழுதிய 'மதுரா விஜயம்' அந்தப் படையெடுப்பைப் பாடுகிற காவியம். இவ்வளவு இருக்கும்போது 'ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமையான' என்று மொட்டையாக எழுதுவது ஊருக்குச் செய்கிற அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. மன்னர் மரபின் பெயர், ஒரு நூற்றாண்டு, ஒரு நிகழ்ச்சி: மூன்றும் சேர்ந்தால் ஒரு கேப்ஷன் ஆகிவிடும். அதைப் படிக்கிற பள்ளி ஆசிரியர் தன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவார். தல புராணத்தை எழுதும்போது 'புராணம் சொல்வது' என்று எழுதுங்கள், கல்வெட்டு சொல்வதை 'கல்வெட்டு சொல்வது' என்று எழுதுங்கள். ஜமதக்னி, ரேணுகை, பரசுராமர் கதையை நம்பி வருகிறவர்களுக்கும் அது மரியாதை, வரலாறு தேடி வருகிறவர்களுக்கும் மரியாதை.

படவேட்டில் இன்னொரு புதையல் இருக்கிறது. இங்கே சிதைந்தும் மண்மூடியும் கிடந்த பழைய கோயில்கள் பல, டி.வி.எஸ். குழுமத்தார் உள்ளிட்டோரின் முயற்சியில் திரும்ப எழுந்து நின்றவை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த நாளைய போட்டோ இருக்கலாம், போட்டோ இல்லாவிட்டாலும் நினைவு இருக்கும். 'இந்த மண்டபத்துக்குள்ளே எங்க தாத்தா காலத்துல மாடு கட்டுவாங்களாம்' என்று உங்கள் பாட்டி சொன்னால், அதை அவர் சொன்ன மாதிரியே எழுதி, சொன்னவர் பாட்டி என்றும் குறிப்பிடுங்கள். பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆண்டு போட்டால் அந்தப் பதிவுக்கு வருகிற கமெண்டுகளில் பாதி, 'எனக்கும் ஞாபகம் இருக்கு' என்று தொடங்கும். வேறு எந்த உத்தியும் இந்த அளவுக்குப் பேச்சை வரவழைத்து நான் பார்த்ததில்லை.

கேள்வி கேட்பதைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. 'அம்மன் பக்தர்கள் மட்டும் லைக் போடுங்கள்', 'அஞ்சு பேருக்கு ஷேர் செய்தால் நல்ல செய்தி வரும்', 'உங்கள் நண்பர் ஒருவரை டேக் செய்யுங்கள்'. இந்த வகையை ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே பெயர் சொல்லிக் குறித்துவிட்டது. லைக், ஷேர், கமெண்ட், டேக், ஓட்டு என்று கேட்டு வாங்குகிற பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று அறிவித்தது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்கு உண்டு. பக்தியைக் காட்டி லைக் பிச்சை எடுப்பது அந்தக் கோயிலில் மனமுருகி நிற்கிறவருக்குச் செய்கிற அவமரியாதை.

நல்ல கேள்விக்கு ஒரே அடையாளம்தான்: பதில் கேட்கப்படுகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், கேட்கிற உங்களுக்குத் தெரியாது. வடஆற்காட்டுப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு ரேணுகாம்பாள் குலதெய்வம். 'உங்கள் வீட்டுக்கு ரேணுகாம்பாள் குலதெய்வமா? எந்த ஊரிலிருந்து வருவீர்கள், முன்பெல்லாம் எப்படி வருவீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். மாட்டுவண்டி கட்டி வந்தது, வழியில் இறங்கிச் சமைத்தது, மஞ்சள் துணியில் காசு முடிந்தது எல்லாம் எழுதத் தொடங்குவார்கள். ஒருவருக்கு ஒருவர் உறவு கண்டுபிடித்துக்கொள்வதும் நடக்கும். 'படவேடு உங்களுக்குப் பிடிக்குமா?' என்று கேட்டால் 'பிடிக்கும்' என்பதோடு முடிந்துவிடும். ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியையும், யோசித்து எழுதவேண்டிய பெரிய கேள்வியையும் தவிருங்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடிகிற, ஆனால் அவரவருக்குப் பதில் வேறாகிற கேள்வி வேண்டும். ஒரு கேப்ஷனுக்கு ஒரே கேள்வி.

மொழி. உங்கள் பேச்சில் எழுதுங்கள். 'இவ்விடம் வருகை புரிந்து கண்டு களியுங்கள்' என்று சுற்றுலாத் துறைப் பலகை மாதிரி எழுதினால் பலகைக்கு யார் பதில் சொல்வார்கள்? 'காலைல ஏழு மணிக்குள்ள வந்துட்டீங்கன்னா வெயில் ஏறுறதுக்குள்ள மேல கோட்டைமலை வேணுகோபாலரைப் பாத்துட்டு எறங்கிடலாம்' என்றால் ஒரு ஆள் பேசுவது காதில் விழுகிறது. ஆரணி, போளூர்ப் பக்கத்துப் பேச்சில் 'கீது' என்று எழுதவும் கூச்சப்படவேண்டாம். ஊர்க்காரர்களுக்கு அதுவே அடையாளம். தெளிவு மட்டும் கெடக்கூடாது: நாள், நேரம், இடம், விலை ஆகியவை பேச்சுவழக்கு வாக்கியத்துக்குள் புதைந்துபோகாமல் தனி வரியில் நிற்கட்டும்.

விற்கிறவர்களுக்குத் தனியாகச் சிலது. படவேட்டு மண் வாழைக்குப் பேர்போனது. தோப்பிலிருந்து நேரடியாகத் தாரோ இலைக்கட்டோ விற்க நினைப்பவர் 'ஃப்ரெஷ் ஆர்கானிக் வாழைப்பழம், ஆர்டருக்கு டி.எம். பண்ணுங்க' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். வாங்குகிறவர் மனதில் இருக்கிற கேள்விகள் வேறு: என்ன ரகம், தாரில் எத்தனை சீப்பு, எப்போது அறுப்பீர்கள், எத்தனை நாளில் பழுக்கும், மருந்து வைத்துப் பழுக்கவைத்ததா, எங்கே வந்து எடுக்கவேண்டும், விலை என்ன. விலையைக் கேப்ஷனிலேயே போடுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸ்' என்றால் பத்தில் எத்தனையோ பேர் கூச்சப்பட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். தார் அறுக்கிற நாளின் கேப்ஷனை முந்தின வாரமே தொடங்கலாம்: 'இந்தத் தாரு இன்னும் முத்தல. அடுத்த வியாழன் அறுக்கலாம்னு அப்பா சொல்றார்.' வியாழன் வரை அந்தத் தாரோடு கூட வருகிறவர்கள் வாங்குவார்கள்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மலைச் சாமையும் தேனும் விற்கிற குழுக்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று எழுதாதீர்கள். நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் பட்டியலில் சர்க்கரை நோய் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கிறது. கேப்ஷனும் விளம்பரம்தான். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்த ஒரு வரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுகிற ஒருவர் எங்கோ இருக்கிறார். அதற்குப் பதில் சாமையை எப்படிச் சமைப்பது என்று எழுதுங்கள்: எத்தனை முறை களைவது, எவ்வளவு தண்ணீர், எத்தனை விசில், மலையாளிப் பழங்குடியினர் வீடுகளில் அதற்கு என்ன குழம்பு ஊற்றுகிறார்கள். சமையல் குறிப்பைத்தான் மக்கள் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். சேமித்த பதிவைத் திரும்பத் தேடி வருகிறவர் வாங்கவும் வருவார். உணவுப் பாதுகாப்புப் பதிவெண் இருந்தால் அதையும் ஒரு வரியில் போடுங்கள், நம்பிக்கை கூடும். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒரு விடுதியையோ கடையையோ புகழ்ந்தால் 'விளம்பரம்' என்று தொடக்கத்திலேயே எழுதவேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் இதற்கு நெறிமுறை கொண்டுவந்தது, ஒன்றிய நுகர்வோர் துறையும் 2023 ஜனவரியில் தன் வழிகாட்டுதலை வெளியிட்டது.

ஹேஷ்டேக்குக்கு அதிகம் இடம் தரப்போவதில்லை. 2007இல் கிறிஸ் மெசினா டுவிட்டரில் அதை முன்மொழிந்தபோது சிதறிய பேச்சைத் திரட்ட அது உதவியது. இன்று அது சென்றடைவைப் பெரிதாகக் கூட்டுவதில்லை என்று மொஸேரியே சொல்கிறார். மூன்று நான்கு போதும். ஆனால் தேடலில் கிடைப்பது முக்கியம். 2025 ஜூலை முதல், இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வருகின்றன. அப்படியானால் தேடுகிறவர் தட்டுகிற சொல் உங்கள் கேப்ஷனில் இருக்கவேண்டும். இங்கே தமிழில் இரண்டு சிக்கல். ஒன்று, வேற்றுமை உருபு. 'படவேட்டில்', 'படவேட்டுக்கு' என்றே முழுக்க எழுதிவிட்டால், 'படவேடு' என்று தேடுகிறவரின் சொல் உங்கள் வரிகளில் ஓரிடத்திலும் இல்லை. ஹேஷ்டேக்கிலும் அப்படித்தான், உருபு ஏறினால் அது வேறொரு டேக். உருபு சேராத வடிவம் ஒருமுறையாவது வரட்டும். இரண்டு, எழுத்து வேறுபாடு. படவேடு என்றும் படைவீடு என்றும் எழுதுகிறார்கள், ஜவ்வாது, ஜவாது, சவ்வாது என்று மலைக்கு மூன்று எழுத்து. கடைசி வரியில் இவற்றை இயல்பாகச் சேர்த்துவிடுங்கள், ஆங்கில எழுத்திலும் ஊர்ப் பெயரை ஒருமுறை போடுங்கள். கூடவே மாவட்டம், வழி: 'படவேடு, திருவண்ணாமலை மாவட்டம். வேலூர் – திருவண்ணாமலை சாலையில் சந்தவாசலில் திரும்பவேண்டும்.'

சில படங்களைப் போடாமல் இருப்பதும் உங்கள் வேலை. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. கருவறைப் படத்தைத் திருட்டுத்தனமாக எடுத்து 'அபூர்வ தரிசனம்' என்று போட்டு வாங்குகிற லைக் வேண்டாம். மலைமேல் காட்டுக்குள் இருக்கிற ஓடைக்கும் அருவிக்கும் இருப்பிடக் குறியைத் துல்லியமாகப் போட்டு 'யாருக்கும் தெரியாத இடம்' என்று எழுதுவதும் எனக்குச் சம்மதமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பாட்டில் கிடக்கும். வனத்துறை அனுமதி வேண்டிய இடம் என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள். மலைக் கிராமத்துப் பெரியவரின் படத்தைப் போடுவதென்றால், எங்கே போடப்போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பெயரைக் கேட்டு, அவர் விரும்பினால் எழுதுங்கள். 'வெள்ளந்தி மனிதர்கள்' என்ற வரியை விட்டுவிட்டு, அவர் அன்று என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று எழுதுங்கள்.

பார்வை இல்லாதவர்களும் உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள். படத்துக்கான மாற்று விவரத்தை எழுத இன்ஸ்டாகிராம் 2018இலிருந்தே இடம் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைக் கேப்ஷனில் எழுதவேண்டாம் என்றேன். இங்கே அதைத்தான் எழுதவேண்டும்: 'மலையடிவாரத்தில் ஐந்து நிலைக் கோபுரம், முன்னால் மஞ்சள் புடவையில் பெண்கள் வரிசை' என்று, பார்த்ததைப் பார்த்தபடி. திரையைப் படித்துச் சொல்லும் செயலி அதை அவர்களுக்கு வாசிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே எமோஜி போட்டால் அந்தச் செயலி ஒவ்வொன்றின் பெயரையும் வாசிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதிவு ஏறியதும் வேலை முடியவில்லை. வருகிற கேள்விக்குப் பதில் எழுதுங்கள், 'நன்றி' என்று மட்டும் விடாமல் ஒரு தகவலையோ திரும்ப ஒரு கேள்வியையோ சேர்த்து. மூத்தவர் எழுதினால் 'ஐயா', 'அம்மா' என்று தொடங்குங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அது கேப்ஷனில் விடுபட்ட விஷயம். திரும்பப் போய்க் கேப்ஷனைத் திருத்தலாம், அதற்கு வசதி இருக்கிறது. ஆடி வெள்ளிக்கு எந்தப் பக்கம் வண்டி நிறுத்தவேண்டும் என்று கேட்டால் அதைச் சேருங்கள். ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டால் முதல் வரியில் சேருங்கள். தார் எல்லாம் விற்றுப்போனால் 'இந்த வாரத் தார் தீர்ந்துவிட்டது, அடுத்த அறுப்பு எப்போது என்று இங்கேயே எழுதுகிறோம்' என்று மேலேயே போட்டுவிடுங்கள். அடுத்த நாள் வருகிறவர் பழைய விலையைப் பார்த்துவிட்டுச் சந்தவாசலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து நிற்கக்கூடாது.